ரெட்ரோவில் கேட்ட தட்டல்

போன வருடம் மழை ஆரம்பித்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நடந்தது இது. இடம், பெங்களூர் நீலசந்திராவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உள் அறை. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனால் அன்றைக்குக் கொஞ்ச நேரம் நம்பினேன். அதையும் மறைக்கப் போவதில்லை.

நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஸ்க்ரம் மாஸ்டர். கேட்க என்னவோ பெரிய பதவி மாதிரி இருக்கும். என் மாமியாருக்கு அது என்ன வேலை என்று இன்றுவரை பிடிபடவில்லை. 'எல்லாரையும் மீட்டிங்குக்குக் கூப்பிடுற வேலை' என்று உறவுக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். அதுவும் தப்பில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எங்கள் டீம் கூடி உட்கார்ந்து, எது நன்றாகப் போனது, எது சொதப்பியது, அடுத்த முறை என்ன மாற்றலாம் என்று பேசும். அதற்கு ரெட்ரோ என்று பெயர். அதை நடத்துவது என் பொறுப்பு.

ரெட்ரோவில் ஒரு சங்கடம் உண்டு. யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் திரையில் கட்டம் கட்டமாக முகங்கள்தான் இருக்கும், பேச்சு இருக்காது. அதற்காக முதலில் ஒரு சின்ன விளையாட்டு வைத்து இறுக்கத்தைத் தளர்த்துவது வழக்கம். ஐஸ்பிரேக்கர் என்போம். 'நீங்கள் ஒரு காய்கறியாக இருந்தால் எந்தக் காய்கறி?' என்பது மாதிரி அசட்டுக் கேள்விகள். எங்கள் சீனியர் டெவலப்பர் ஒருவர் ஓசூரிலிருந்து சேர்வார். அவருக்கு இதெல்லாம் வேப்பங்காய். அந்தக் காய்கறிக் கேள்விக்கு, 'வெண்டைக்காய். முத்திப்போனா தூக்கிப் போட்டுடுவீங்க இல்ல, அதான்' என்று பதில் சொன்ன மனிதர் அவர். நானும் விடவில்லை. ஒவ்வொரு ரெட்ரோவுக்கும் புதிதாக ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவேன்.

அன்றைக்கு நான் யோசித்து வைத்திருந்தது ஒரு சத்த விளையாட்டு. மீட்டிங் நடக்கும்போது பின்னணி இரைச்சலை வடிகட்டும் வசதி ஒன்று இருக்கிறதே, அதை எல்லோரும் அணைத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொருவராக மைக்கைத் திறந்து, ஒன்றும் பேசாமல் ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, அந்த வீட்டில் என்ன சத்தம் கேட்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

என் வீட்டுச் சத்தம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீழ்த்தளத்தில் ஒரு வெல்டிங் கடை. காலையிலிருந்து மாலை வரை இரும்பை அறுப்பதும் தட்டுவதுமாக இருக்கும். அந்த இரைச்சல் தாங்காமல்தான், வெளிச்சத்தத்தை அடக்குகிற ஹெட்போன் ஒன்றை வாங்கினேன். காலையில் தலையில் மாட்டினால் மாலை வரை கழற்றுவதில்லை. அதன் மைக் மட்டும் சரியில்லை என்பதால், பேசுவதற்கு லேப்டாப் மைக்தான்.

நாலு மணிக்கு மீட்டிங். அதற்குச் சற்று முன்னால் கரண்ட் போய்விட்டது. எங்கள் பகுதியில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். உள் அறைக்கு ஜன்னல் கிடையாது, பகலிலும் லைட் வேண்டும். வெளியே வேறு மேகம் கவிந்திருந்தது. வைஃபைக்குச் சின்ன யுபிஎஸ் இருந்ததால் இணையம் போகவில்லை. லேப்டாப் வெளிச்சம் என் முகத்தில் மட்டும் விழ, அறை முழுக்க இருட்டு. கணவர் பொம்மசந்திராவில் ஃபேக்டரியில் இருந்தார். வீட்டில் நான் ஒருத்திதான். கரண்ட் இல்லாததால் கீழே வெல்டிங் கடையும் நின்றுபோயிருந்தது, ஆனால் ஹெட்போன் மாட்டியிருந்த எனக்கு அது உறைக்கவில்லை.

விளையாட்டு நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஓசூர்க்காரர் வீட்டில் குக்கர் விசில். எங்கள் டெஸ்டர் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழும் கன்னடமும் கலந்து பொரிந்து தள்ளுவாள். அவள் மைக்கில் புஸ் புஸ்ஸென்று யாரோ மூச்சு விட்டார்கள். காலடியில் படுத்திருந்த நாய் அது. எல்லோரும் சிரித்தார்கள். அட, ஐடியா வேலை செய்கிறதே என்று எனக்கும் உள்ளுக்குள் பெருமை. கடைசியாக என் முறை வந்தது. மைக்கைத் திறந்துவிட்டு நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு நிமிடம் ஆனது. கண்ணைத் திறந்து பார்த்தால், திரையில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. டெஸ்டர் பெண்தான் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, யாரு தட்டறது?"

யாரும் தட்டவில்லையே என்றேன். இல்லை, கேட்டது என்றார்கள் எல்லோரும். டொக், டொக் என்று இரண்டு. கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு நீண்ட இடைவெளி. மறுபடியும். கதவைத் தட்டுகிற மாதிரி வெளியிலிருந்து வரவில்லையாம். மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், மேஜைக்கு உள்ளேயிருந்து வருவது மாதிரி இருந்ததாம்.

ஹெட்போனைக் கழற்றிக் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் வெல்டிங் கடையும் ஓடவில்லை என்பது தெரிந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பார்த்தேன். மாடிப்படி காலியாக இருந்தது. திரும்பி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒன்றுமில்லை என்றேன்.

நான் ஏதோ செட்டப் செய்து வைத்திருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பழி என்மேல்தான் விழும், ஒவ்வொரு ரெட்ரோவிலும் ஏதாவது கோமாளித்தனம் செய்கிறவள் நான்தானே! 'இருட்டு ரூம், தட்டல் சத்தம், ஸ்பெஷல் எஃபெக்ட்டெல்லாம் பிரமாதம் மேடம்' என்றார் ஓசூர்க்காரர். ஓட்டெடுப்பு நடந்தது. சிறந்த சத்தம் என்று என்னுடையதையே தேர்ந்தெடுத்தார்கள். நானும் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு மீட்டிங்கைத் தொடர்ந்தேன். அந்தத் தட்டலுக்கு நாங்கள் கை தட்டினோம்.

எது நன்றாகப் போனது என்று பேச ஆரம்பித்தோம். வடிகட்டும் வசதியைத் திரும்பப் போட எனக்கு மறந்துவிட்டது. நான் பேசுவதற்காக மைக்கைத் திறக்கும்போதெல்லாம் எதிரே இருக்கிறவர்களின் முகம் மாறியது. ஒருவர் புருவத்தைச் சுருக்கினார். டெஸ்டர் பெண் கேமராவை அணைத்துவிட்டாள். நான் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் வெளியீடு சரியான நேரத்தில் போனதைப் பாராட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஓசூர்க்காரர் குறுக்கிட்டார். அவர் குரலில் கிண்டல் இல்லை.

"மேடம், போதும். நிறுத்துங்க. பயப்படறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் எதையும் செய்யவில்லை சார் என்றேன். அவர் நம்பவில்லை. கோபத்தில் இரண்டு கைகளையும் தூக்கிக் கேமராவுக்கு நேரே விரித்துக் காட்டினேன். 'பாருங்கள், என் கை இரண்டும் இங்கேதான் இருக்கிறது.' அப்படியே வைத்திருந்தேன். திரையில் எல்லோரும் என் கைகளையே பார்த்தார்கள். சில நொடிகளில் ஒருவர் பின்னால் ஒருவராக அத்தனை பேர் முகமும் வெளிறியது. ஓசூர்க்காரர் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார். டெஸ்டர் பெண்ணின் அணைத்த கட்டத்திலிருந்து 'அய்யோ தேவரே' என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிடுவது மட்டும் கேட்டது.

எனக்குக் கேட்காத ஒன்று, என் அறையில் இருந்து, அவர்கள் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறது. திரையின் ஓரத்தில் என் சொந்த வீடியோ தெரிந்தது. என் முகத்துக்குப் பின்னால் ஒன்றுமே தெரியாத கறுப்பு. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வீடு பார்க்க வந்தபோது, முன்பு குடியிருந்தவர்கள் அட்வான்ஸைக்கூட முழுசாக வாங்காமல் அவசரமாகக் காலி செய்தார்கள் என்று புரோக்கர் சொன்னது, இத்தனை நாள் இல்லாமல் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. வெல்டிங் கடைச் சத்தத்துக்கு ஓடியிருப்பார்கள் என்று அன்றைக்குச் சிரித்தவள் நான்.

எழுந்து ஓடிவிடலாம் என்று ஹெட்போனைக் கழற்றி அணைத்து வைத்து, மேஜையில் கையை ஊன்றினேன். அப்போது என் காதுக்கு இல்லை, உள்ளங்கைக்குத் தெரிந்தது. மேஜைப் பலகை மெல்ல அதிர்ந்தது. இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

மேஜை சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தது. லேப்டாப் மேஜைமேல் இருந்தது. சத்தம் சுவரிலிருந்து மேஜைக்கும், மேஜையிலிருந்து மைக்குக்கும் போயிருக்கிறது. குனிந்து சுவரில் காதை வைத்தேன். சுவர் ஈரச் சில்லிப்பாக இருந்தது. முதலில் என் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. பிறகு, உள்ளே எங்கோ ஆழத்தில், டொக்.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே விரல் முட்டியால் சுவரில் இரண்டு முறை தட்டினேன்.

தட்டல் நின்றது. பிறகு சுவருக்குள்ளிருந்து பதில் வந்தது. இரண்டு.

ஓசூர்க்காரர் லேப்டாப் ஸ்பீக்கரில், 'மேடம், மூணு தட்டுங்க' என்றார். மூன்று தட்டினேன். நான் அதுவரை எதற்கும் அப்படிக் காத்திருந்ததில்லை. மூன்று வந்தது. மூன்றாவது தட்டு ரொம்பப் பலவீனமாக, வழுக்கி விழுவதுபோல வந்தது.

"எண்ணிப் பதில் சொல்லுது மேடம். அது மனுஷங்கதான். யாரோ மாட்டிக்கிட்டு இருக்காங்க. ஓடுங்க!"

அந்த ஒரு வார்த்தையில் பயம் வேறு பயமாக மாறிவிட்டது. என்னைப் பற்றிய பயம் போய், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரைப் பற்றிய பயம் வந்தது.

ஆனால் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? எனக்குத் தெரியாது. எங்கள் கட்டடமும் அந்தக் கட்டடமும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்பவை. அவர்கள் வாசல் பின்னால் இருக்கிற கிராஸில், அதாவது குறுக்குத் தெருவில். சுவர் ஒன்றாக இருந்தும் இத்தனை நாளில் அந்த முகங்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு, சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும்படி டெஸ்டர் பெண்ணிடம் சொல்லி, அவளை மொபைலில் அழைத்துக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

கீழே வெல்டிங் கடைக்காரர் கரண்டுக்காகக் காத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடமாக முறைப்பதைத் தவிர அவரிடம் நான் பேசியதில்லை. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"பின்னாடி கிராஸ் வீடுமா அது. மேல்மாடிக்கு கிரில் போட்டது நான்தான். அங்க ஒரு ஆபா தனியா கீறாங்க. வாங்க, வாங்க" என்று கடப்பாரையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓட ஆரம்பித்தார். ஆபா என்றால் உருதுவில் அக்கா.

சந்தில் புகுந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும். தூறல் ஆரம்பித்திருந்தது. காதில் டெஸ்டர் பெண் சொல்லிக்கொண்டே வந்தாள். 'இருக்கு அக்கா, இருக்கு.' கொஞ்ச நேரம் கழித்து, 'இருக்கு.' நாங்கள் அந்தக் கட்டடத்தின் படியேறும்போது அவள் பேசவில்லை. என்னாச்சு என்றேன்.

"நின்னுடுச்சு அக்கா."

மாடியில் கிரில் கதவு உள்ளே பூட்டியிருந்தது. கூப்பிட்டோம், பதிலில்லை. கரண்ட் இருந்தால் ஒரு நொடியில் அறுத்துவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டே, தான் போட்ட கிரில்லைத் தானே கடப்பாரையால் நெம்பினார் அவர். அது சுலபத்தில் விடவில்லை. அவ்வளவு கெட்டியாகப் போட்டிருந்தார். பூட்டுப் பட்டை பிய்ந்து வந்ததும் உள்ளே போனோம். கூடத்தில் மேஜைமேல் மூடி வைத்த டீ ஆறிக் கிடந்தது. குளியலறைக் கதவு பாதி திறந்து, அதற்குமேல் நகராமல் நின்றது. கதவுக்குப் பின்னால் ஆள் இருந்தால் அப்படித்தான் நிற்கும்.

வெல்டிங் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கட்டிலில் இருந்த போர்வையை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் ஒருக்களித்து உள்ளே நுழைந்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண்மணி ஈரத் தரையில் ஒரு பக்கமாக விழுந்து கிடந்தார். இடுப்புக்குக் கீழே கால் திரும்பியிருந்த விதத்தைப் பார்க்கவே முடியவில்லை. கண் திறந்திருந்தது. கையில் உடைந்த பிளாஸ்டிக் மக்கின் கைப்பிடி. அந்தக் கை சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது. ஆனால் சுவரில் படவில்லை. வலு இல்லாமல், சுவருக்குக் கொஞ்சம் முன்னால் காற்றிலேயே தட்டிக்கொண்டிருந்தது.

வந்துட்டேன் ஆபா, வந்துட்டேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்த பிறகும் கை நிற்கவில்லை. போர்வையைப் போர்த்தி, அந்தக் கையை என் இரண்டு கைகளுக்குள் பிடித்துக்கொண்டேன். பிடிக்குள்ளேயும் அது தட்டியது. எனக்கு அழுகை பீறிட்டு வந்தது. வெல்டிங் கடைக்காரர் போன் செய்து கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கையை விடவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஆம்புலன்ஸில் கூடப் போனார். அவர் சொல்லித்தான் மற்ற விவரம் தெரிந்தது. ஆபா சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவர். கணவர் இல்லை, மகள் மங்களூரில். காய்ச்சல் என்று அன்று லீவு சொல்லியிருந்ததால் கடையிலும் யாரும் தேடவில்லை. காலையில் விழுந்தவர். பிற்பகல் வரை கூப்பிட்ட குரலெல்லாம் வெல்டிங் சத்தத்தில் கரைந்துபோயிருக்கிறது.

நான் வீடு திரும்பியபோது கரண்ட் வந்திருந்தது. ஈரச் செருப்போடு உள் அறைக்குப் போனேன். லேப்டாப் திரையில் அத்தனை பேரும் அப்படியே இருந்தார்கள். மீட்டிங் நேரம் முடிந்து எவ்வளவோ ஆகியும் ஒருவர்கூடப் போகவில்லை. என் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டெஸ்டர் பெண் கேமராவை மறுபடி போட்டிருந்தாள்; அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. சத்தம் நின்றுவிட்டதால் ஆள் போய்விட்டார் என்றே நினைத்துவிட்டாளாம். உயிரோடு இருக்கிறார் என்றேன். ஓசூர்க்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபாவைப் பார்த்தேன். அறுவை சிகிச்சை முடிந்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"நீங்களா தட்டினது? காலைல நான் தட்டித் தட்டிப் பாத்தேன்மா. அப்புறம் கை வரல. போதும், அல்லா பாத்துக்குவான்னு சும்மா படுத்துட்டேன். அப்போதான் சுவத்துல ரெண்டு தட்டு கேட்டுச்சு. யாரோ கூப்பிடறாங்கன்னு பதிலுக்குத் தட்டினேன்."

அப்படியானால் நான் தட்டுவதற்கு முன்னால், விளையாட்டிலும் அதற்குப் பிறகும், டீம் முழுக்கக் கேட்டது என்ன? கேட்டேன். இல்லைமா, அப்போ நான் தட்டல என்றார் உறுதியாக. அங்கிருந்த நர்ஸ், அரை மயக்கத்தில் கை தானாக அசையும், அவருக்கே தெரிந்திருக்காது என்றார். நான் என் கைக்குள் பிடித்திருந்த அந்தக் கையை நினைத்துப் பார்த்தேன். நர்ஸ் சொன்னது சரி என்றுதான் நானும் நம்புகிறேன். எங்கள் டெஸ்டர் பெண் நம்பவில்லை. அவளோடு நான் வாதாடுவதும் இல்லை.

ஆபா இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார், மகள் எவ்வளவு கூப்பிட்டும் மங்களூருக்குப் போகவில்லை. வெல்டிங் கடைக்காரர் அவர் வீட்டுக் கிரில்லுக்கு, வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டு ஒன்று போட்டுக் கொடுத்து, சாவியை என்னிடம் தந்திருக்கிறார். எங்கள் ரெட்ரோ இன்றைக்கும் அந்த ஒரு நிமிட அமைதியோடுதான் தொடங்குகிறது. கண்டுபிடிப்பதும் இல்லை, ஓட்டுப் போடுவதும் இல்லை. நான் மறந்தால்கூட ஓசூர்க்காரர் விடமாட்டார். 'மேடம், முதல்ல கேப்போம்' என்பார்.

தினமும் காலையில் லேப்டாப்பைத் திறக்கும் முன்னால், ஹெட்போன் மாட்டாமல், அந்தச் சுவரில் இரண்டு தட்டுகிறேன். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு வரும். சில நாள் அவர் அடுப்படியில் இருந்தால் பதில் வரக் கொஞ்சம் தாமதமாகும். அந்தக் கொஞ்ச நேரம் நான் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி நிற்கிறேன். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் உயிர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, பதில் வரும்வரை என் கைக்குத் தெரிகிறது.